டங்டுட், யூடியூப், ஜாவா மொழி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: யூடியூப் வந்த பிறகுதானே இந்தோனேசியாவின் ஜனரஞ்சக இசையான டங்டுட் பட்டிதொட்டியெல்லாம் பரவியது?

ப: இல்லை. அந்த வேலையை விசிடி முன்பே செய்துவிட்டது. கிழக்கு ஜாவாவில் கல்யாண மேடைக் கச்சேரியை அப்படியே திருட்டுத்தனமாகப் படம்பிடித்து, விசிடியாக்கிச் சந்தையில் விற்றார்கள். டங்டுட் பாடகி இனுல் தாராதிஸ்தா நாடறிந்தது அப்படித்தான். 2003இல் அவருடைய இடுப்பாட்டத்தை மூத்த டங்டுட் பாடகர் ரோமா இராமா கண்டித்தபோது ஊரே இரண்டுபட்டது.

யூடியூப் மாற்றியது மொழியை. ஜகார்த்தா டிவிக்கு இந்தோனேசிய மொழிதான் வேண்டும். இணையத்தில், ஜாவா தீவு மக்கள் பேசும் ஜாவா மொழிக்குத் தடையில்லை. பாடகர் டென்னி சக்னான் 2019இல் ஜாவா மொழியில் பாடிப் பெரும் வெற்றி பெற்ற பாட்டில் வரும் 'கார்தோன்யோனோ', அவருடைய ஊரான ஙாவியின் ஒரு நாற்சந்தி. ('ங'வில் தொடங்கும் ஊர்!) பாடகர் டிடி கெம்போட்டும் அப்படித்தான். முப்பது வருடம் ஜாவா மொழியில் காதல் தோல்வியைப் பாடியவரை 2019இல் இளைஞர்கள் கொண்டாடினார்கள். தங்களுக்கு 'சோபாட் அம்ப்யார்', நொறுங்கிப்போன நண்பர்கள், என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மறு வருடம் மே 5 அன்று, 53 வயதில், அவர் போய்விட்டார்.

கே: எந்தப் பாடகருக்குப் பார்வைகள் அதிகம்?

ப: மூன்றாவது முறையாக இதே கேள்வி. பார்வைக் கணக்கை விடுங்கள். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடி ஏற்றுவார்கள். எழுதியவர் யாரென்று முதலில் பாருங்கள். 2022 சுதந்திர தின விழாவில் சிறுவன் ஃபாரல் பிரயோகா அதிபர் மாளிகையில் பாடியது அபா லாலா எழுதிய பாட்டு.

கே: நம் பாட்டு ஏதாவது அங்கே ஓடியதா?

ப: ஓடியது. 2011இல் இந்தோனேசியாவின் கொரொந்தாலோ போலீஸ்காரர் நார்மன் கமாரு சீருடையில் 'சைய்ய சைய்யா' இந்திப் பாட்டுக்கு வாயசைத்த வீடியோ. 'உயிரே'வில் நாம் கேட்ட 'தைய தையா' மெட்டுதான்.

கே: கே-பாப் தாக்கம்?

ப: என் துறையில்லை.

கே: நிழல் பாவைக்கூத்து?

ப: பாவைக்கூத்துக் கலைஞர் கி செனோ நுக்ரோஹோவின் வீடியோக்களைப் பாருங்கள். கொரோனா காலத்தில் சின்னக் குழுவோடு யூடியூப் நேரலையில் பாவைகளை ஆட்டினார். அவருடைய பாகோங் என்ற கோமாளிப் பாத்திரம் பேசினால் மொழி புரியாதவரும் சிரிப்பார்.

கே: திருட்டு விசிடியைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறீர்களே?

ப: திருட்டுதான். பாடியவருக்கு அதில் காசு வரவில்லை, எழுதியவருக்கும் இல்லை. அந்த அநியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் பெயர் பரவியது, மேடை அழைப்பு கூடியது. இன்றைய யூடியூப் கச்சேரி வீடியோவைப் பாருங்கள்: பாட்டின் நடுவே ஒருவர் மேடையேறிப் பணம் நீட்டுவார், பாடகி வாங்கிக்கொண்டே அவர் பெயரைச் சொல்வார். விசிடியிலும் இதேதான் இருந்தது.

கே: எழுதியவருக்கு இப்போதாவது காசு வருகிறதா?

ப: ஏற்றுபவர் அனுமதி வாங்கினால் வரும். அதனால்தான் எழுதியவரைப் பாருங்கள் என்கிறேன்.