நெற்றி விளக்கும் பல்சாரும்

அன்புள்ள ஐயா,

மில்லிநொடிப் பல்சார், அதாவது சில மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் அடர்ந்த விண்மீன் எச்சம், தன்னை நெருங்கிச் சுற்றும் துணை விண்மீனைச் சுடுவதால்தான் காமா கதிர் பிறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் துணை சுற்றிவரும் கணக்கில்தானே அந்த ஒளி கூடிக் குறைய வேண்டும்? வகுப்பில் ஒரு மாணவி கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பூங்கோதை, சுங்கை சிப்புட்

அன்புள்ள பூங்கோதை,

மாணவி கேட்டது சரி, நான் எழுதியது தவறு. காமா கதிரில் பெரும்பகுதி பல்சாரின் சொந்தச் சரக்கு. அதன் காந்தப்புலத்தில் ஏறக்குறைய ஒளிவேகத்துக்கு முடுக்கப்படும் துகள்கள் உமிழ்வது. ஆகவே அது பல்சாரின் சுழற்சித் தாளத்தில் துடிக்கிறது. 1988இல் கண்டறியப்பட்ட பி1957+20 பல்சார் 1.6 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழல்கிறது. துணை அதைச் சுற்றிவர 9 மணி நேரத்துக்கு மேலாகும். பல்சாரிலிருந்து வீசும் துகள் காற்று, துணையிலிருந்து கிளம்பும் ஆவியில் மோதுமிடத்திலும் ஒளி உண்டு, ஆனால் பெரும்பாலும் எக்ஸ் கதிராக.

துணையைச் சுட்டு ஆவியாக்கும் அந்தப் பல்சாரைக் 'கறுப்பு விதவை' என்கிறார்கள். இணையைத் தின்னும் சிலந்தியின் பெயர். எனக்கு அந்தச் சொல்லைச் சிலந்திக்கு வைக்கவே மனம் வருவதில்லை.

துணையின் சுற்றுக்கும் வேலை இல்லாமல் இல்லை. விடியுமுன் நெற்றி விளக்குடன் ரப்பர் மரம் சீவப் போவார்களே, லயத்து வாசலிலிருந்து பார்த்திருப்பீர்கள். பனியில் விளக்கு மங்கும்; மரத்துக்குப் பின்னால் போனால் அடியோடு மறையும். துணையிலிருந்து கிளம்பும் ஆவி, பனிபோல, ரேடியோ அலையை மறைத்துவிடும். காமா கதிருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதை மறைக்க மரமே வேண்டும், அதாவது துணையின் உடல். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கியின் தரவிலிருந்து, இப்படிக் காமா கதிர் மறையும் ஏழு இணைகளை 2023இல் கண்டுபிடித்தார்கள். மறைகிறது என்றால் அந்தச் சுற்றுப்பாதையை நாம் ஏறக்குறைய பக்கவாட்டில் பார்க்கிறோம். கோணம் தெரிந்தால் எடை தெரியும். 2.4 சூரிய நிறை என்று சொல்லப்பட்டுவந்த பி1957+20 அப்படித்தான் 1.8க்கு இறங்கியது.

மாணவிக்கு இன்னொன்று சொல்லுங்கள். ஜே1023+0038 என்ற பல்சாரின் ரேடியோ துடிப்பு 2013 ஜூனில் காணாமல் போனது. துணையிலிருந்து வழிந்த வாயு அதைச் சுற்றி மீண்டும் தட்டாகப் படிந்துவிட்டது. ஆனால் காமா ஒளி குறையவில்லை, சுமார் ஐந்து மடங்கு கூடியது! அங்கே நான் மேலே சொன்ன விளக்கம் மட்டும் போதாது. காரணம் என்ன என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதுங்கள்.