'நோ ஃபூமா' என்று எழுதினால் யாரும் சிகரெட்டை அணைக்க மாட்டார்கள்

கேள்வி: ஸ்பானிஷில் 'ஃபூமா' என்றால் 'புகைபிடி'. 'புகைபிடிக்காதே' என்பதற்கு 'நோ ஃபூமா' என்று எழுதினேன், மார்க் போய்விட்டது. பலகைகளில் 'நோ ஃபூமார்' என்று இருக்கிறது. எதுதான் சரி?

பதில்: தமிழில் 'இல்லை பேசு' என்றா ஒருவரைத் தடுக்கிறோம்? 'பேசாதே' என்று வினையின் வாலையே மாற்றுகிறோம். ஸ்பானிஷிலும் 'நோ' போட்டால் மட்டும் போதாது, வால் மாற வேண்டும். 'நோ ஃபூமா' என்றால் 'அவர் புகைபிடிப்பதில்லை'. நீங்கள் தடை போடவில்லை, நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள்.

'நான் புகைபிடிக்கிறேன்' என்பது 'ஃபூமோ'. அதில் கடைசி 'ஓ'வை வெட்டுங்கள். அகராதியில் 'ஆர்' என்று முடியும் வினை ('ஃபூமார்' மாதிரி) என்றால் 'எஸ்' ஒட்டுங்கள்: நோ ஃபூமெஸ். 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஆஸ்': நோ கோமாஸ் (சாப்பிடாதே), நோ எஸ்க்ரிபாஸ் (எழுதாதே). மரியாதைக்குக் கடைசி 'ஸ்' போய்விடும்: நோ ஃபூமே. பலரிடம் சொன்னால் நோ ஃபூமென். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்துக்குத் தனியாக ஒரு வடிவம் உண்டு. இப்போதைக்கு அதை விடுங்கள்.

பலகையில் இருப்பது 'புகைபிடித்தல் கூடாது' மாதிரி, யார் முகத்தையும் பார்க்காத பேச்சு. நண்பனிடம் அப்படிப் பேச மாட்டோம்.

'30 நாளில் ஸ்பானிஷ்' விற்கும் கோச்சிங் சென்டர்களிடம் ஜாக்கிரதை. என்னிடம் வந்த ஒரு மாணவி அங்கே காசு கொடுத்து வாங்கிய ஜெராக்ஸ் அட்டவணையில் 'பேசாதே' என்பதற்கு எதிரே 'நோ ஆப்லா' என்றே அச்சாகியிருந்தது. 'நோ ஆப்லெஸ்' என்று இருந்திருக்க வேண்டும். பாடநூல்களும் லேசுப்பட்டவை இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை ஏதோ பெரிய இலக்கணப் பெயருக்குள் புதைத்து, ஆறு வரி அட்டவணையாகக் கொடுத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகின்றன.

ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 'தோகார்' என்றால் தொடுதல். அதில் 'க' ஒலிக்கு 'சி' எழுத்துதான் இருக்கிறது. விதிப்படி வாலை மாற்றினால் அந்த 'சி'க்குப் பின்னால் 'இ' (e) எழுத்து வந்து நிற்கும். உடனே லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் 'க' போய் 'ஸ' வந்துவிடும். நமக்குத் தோசை ஞாபகம் வரும்; அவர்களுக்கோ இருமல், ஏனென்றால் 'தோஸெஸ்' என்றால் 'நீ இருமுகிறாய்'. அதனால் 'சி'யை எடுத்துவிட்டு 'கியூ', 'யூ' இரண்டையும் போடுங்கள். அப்போதுதான் ஒலி 'நோ தோகெஸ்' என்று நிற்கும். மாறுவது எழுத்து மட்டுமே, வினை ஒழுங்கானதுதான்.

அப்புறம், 'அதைத் தொடாதே' என்றால் 'அதை' நடுவில் வரும்: நோ லோ தோகெஸ். 'அதைத் தொடு' என்னும்போது அந்த 'லோ' வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: தோகாலோ.