பிளக் கறுத்தால் ஸ்குரூவைத் திருகாதீர்கள்: ஆம்னி கார்பரேட்டர் கேள்வி பதில்

பழைய மாருதி ஆம்னி வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்தைய கார்பரேட்டர் வண்டிகள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குள் அனுப்புவதுதான் கார்பரேட்டர். பட்டறைக்கு வரும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பெட்ரோல் குடிக்குது, புகை கறுப்பா வருது." முன்னெச்சரிக்கை ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் என்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் ஆவி அங்கேயே தங்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். பீடி, சிகரெட் எல்லாம் தெருவோடு இருக்கட்டும்.

பள்ளி வேன் ஓட்டுபவர், உடுமலைப்பேட்டை: அண்ணே, லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 9தான் வருகிறது. பிளக் மூன்றும் கறுப்பு. மிக்சர் ஸ்குரூவை எவ்வளவு உள்ளே திருக வேண்டும்?

திருகவே வேண்டாம். அந்த ஸ்குரூவுக்கு வேலை ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது மட்டும்தான். நீங்கள் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குடிக்கிற பெட்ரோலில் அதற்குப் பெரிய பங்கு கிடையாது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் குறைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வேறு வழியாகப் போகிறது.

முதலில் சோக்கைப் பாருங்கள். சீட்டைத் தூக்கி, என்ஜின் மூடியைத் திறந்து, கார்பரேட்டர் வாயில் இருக்கும் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே மேலாக ஒரு பித்தளைத் தகடு தெரியும், அதுதான் சோக். குளிர்ந்த என்ஜின் கிளம்புவதற்காகக் காற்றைக் குறைப்பது அதன் வேலை. டேஷ்போர்டில் இருக்கும் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு அந்தத் தகட்டைப் பாருங்கள். காற்று போகும் திசையிலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் நாள் முழுக்கப் பாதி சோக்கில் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், இல்லை உறையைப் பிடிக்கிற கிளிப் நழுவியிருக்கலாம்.

உங்களைப் போலவே பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் இதே புகாரோடு வந்தார். நான் குனிந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் நிமிர்ந்தால், சோக் குமிழில் சாப்பாட்டுப் பை தொங்குகிறது! டிபன் பாக்ஸ் கனத்துக்குக் குமிழ் அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. அந்தப் பையைக் கழற்றியதுதான் நான் செய்த ரிப்பேர்.

சோக் சரியாக இருந்தால் அடுத்து ஏர் ஃபில்டர். மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் அட்டவணைப்படி மாற்றுவது போதாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி தெரியவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்: ஒரு பிளக் மட்டும்தான் கறுப்பாக இருக்கிறது, மற்ற இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. கார்பரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். மூன்று சிலிண்டருக்கும் ஒரே கார்பரேட்டர்தானே சோறு போடுகிறது? கெட்டுப்போனால் மூன்றும்தான் கறுக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்தால் அந்தப் பிளக், அதன் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அப்புறம் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன். இந்த வரிசையில் பாருங்கள். பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு இடம் மாற்றிப் போட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கறுப்பிலும் இரண்டு வகை உண்டு. விரலால் தடவினால் விளக்குக் கரி போல உலர்ந்து ஒட்டினால் அது பெட்ரோல் கரி. பிசுபிசுவென்று ஈரமாகப் பளபளத்தால் அது ஆயில், ரிங் அல்லது வால்வ் சீல் சமாச்சாரம். நல்ல பிளக்கின் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்கும்.

தாராபுரத்திலிருந்து ஒருவர்: ஓடும்போது பரவாயில்லை. சூடான வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை, பெட்ரோல் நாற்றம் தூக்குகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தால்தான் கறுப்புப் புகையோடு கிளம்புகிறது.

இது ஓவர்ஃப்ளோ. நீங்கள் சொன்ன அடையாளம் அத்தனையும், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையைக் காட்டுகிறது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பந்து வால்வ் வைக்கிறோமே, அதே வேலைதான் இங்கேயும். பெட்ரோல் நிரம்ப நிரம்ப மிதவை மேலே வரும், ஊசி போன்ற நீடில் வால்வைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி முனை தேய்ந்தாலோ, ஊசி வந்து பொருந்தும் இருக்கையில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலோ, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனத்தாலோ வழி அடைபடாது. மட்டம் ஏறி, ஜெட் என்ற அளவான சின்னத் துளை வழியாகத் தானாகவே என்ஜினுக்குள் வழியும்.

சில கார்பரேட்டர்களில் ஃப்ளோட் அறையின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் மட்டம் கண்ணாடியில் இருக்கும் புள்ளியை ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடி முழுக்க நிரம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஊசியைச் சோதியுங்கள். கார்பரேட்டரின் மேல் மூடியைக் கழற்றியதும் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவையின் கனம் ஊசியை அழுத்திக்கொண்டிருக்கும். பெட்ரோல் உள்ளே வரும் குழாயில் ஒரு சுத்தமான ரப்பர் டியூபை மாட்டி வாயால் லேசாக ஊதுங்கள். காற்று கொஞ்சமும் போகக் கூடாது. 'புஸ்' என்று கசிந்தால் ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஊசியை மட்டும் மாற்றுவது பழைய பூட்டுக்குப் புதுச் சாவி போட்ட கதைதான். பிறகு மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். சலசலத்தால் ஓட்டை. பித்தளை மிதவை என்றால் சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடத்தில் ஓட்டை தெரியும். அதை ஈயம் வைத்து அடைக்க நினைக்காதீர்கள். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும், அடைத்தாலும் ஈயத்தின் கனத்தில் மட்டம் மாறிவிடும்.

இன்னொன்று. டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ, கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயிலில் பேரிங் நிற்காது. பெட்ரோல் பம்ப் டயாஃபிரம் கிழிந்தாலும் ஆயிலுக்குள் பெட்ரோல் இறங்கும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், மதுரை: சார், நானே கார்பரேட்டரைப் பிரித்து, ஜெட் ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். அதற்குப் பிறகுதான் புகை வருகிறது.

தம்பி, அந்தக் கம்பிதான் குற்றவாளி. ஜெட் பித்தளை, இரும்புக் கம்பியை விட மெத்து. மெயின் ஜெட் ஓட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதில் வெறும் 0.05 மில்லிமீட்டர் கூடினால் ஓட்டையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிளக் காட்டிக் கொடுக்கும்.

பழைய ஜெட்டில் பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிது வாங்குங்கள். கடையில் கிடைக்கும் எல்லா ரிப்பேர் கிட்டிலும் ஜெட் அளவு சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள், எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இனிமேல் சுத்தம் செய்ய கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் கம்ப்ரஸர் காற்றும் போதும். அடம்பிடிக்கும் அடைப்புக்கு நைலான் தூண்டில் நரம்பு.

ஒன்று கேட்கிறேன்: மேலே இருக்கும் குட்டி ஏர் ஜெட்டுகளையும் ஊதினீர்களா? பெட்ரோல் ஜெட் அடைத்தால் கலவை வறண்டு போகும், அதாவது பெட்ரோல் குறையும். ஏர் ஜெட் அடைத்தால் கலவை கெட்டியாகும், அதாவது பெட்ரோல் கூடும். முக்கால்வாசிப் பேர் பெட்ரோல் வழியை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

சுற்றுலா வேன் உரிமையாளர், மேட்டுப்பாளையம்: கீழே அருமையாக ஓடுகிறது. ஊட்டிக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது, புகை தள்ளுகிறது. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது?

எதுவும் கெடவில்லை, ஊட்டிக் காற்றுதான் காரணம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கார்பரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவை பத்து சதவீதம் போலக் கெட்டியாகிவிடும். மலையிலேயே நிரந்தரமாக ஓடும் வண்டி என்றால் ஒரு படி சின்ன மெயின் ஜெட் போடலாம். நீங்கள் மேலும் கீழுமாக ஓட்டுகிறீர்கள், அந்த ஜெட்டோடு கீழே இறங்கி ஹைவேயில் விரட்டினால் கலவை வறண்டு வால்வ் சுடும். அப்படியே விடுங்கள். ஆனால் ஏர் ஃபில்டரைப் புதிதாக வைத்திருங்கள், மலையில் அதன் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால் வந்த வினைதானே?

பாதி சரி. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சாதாரணப் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், 20 சதவீதம் எத்தனால் கலந்தால் 13.5 கிலோ அளவில் போதும். அதனால் அதே ஜெட்டில் கலவை வறளத்தான் செய்யும், கெட்டியாகாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், கறுப்புப் புகைக்கு மட்டும் அதன்மேல் பழிபோட முடியாது. ஆனால் பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து உதிர்க்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் துருவும் கிளம்பும். அந்தத் தூள் நீடில் வால்வில் போய் உட்கார்ந்தால் மேலே சொன்ன ஓவர்ஃப்ளோ கதைதான். குழாய்களையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள், சில்லறைச் செலவு.

எல்பிஜி கிட் போட்டவர், சேலம்: கேஸில் நன்றாக ஓடுகிறது. எப்போதாவது பெட்ரோலுக்கு மாற்றினால் வழிகிறது.

மாதக்கணக்கில் கேஸிலேயே ஓட்டினால் ஃப்ளோட் அறை காய்ந்து கிடக்கும். பெட்ரோலின் பிசின் ஊசியை ஒட்டவைக்கும், பேக்கிங் சுருங்கும். பிரித்துக் கழுவிப் புது பேக்கிங் போடுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை பத்துக் கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: எல்லாம் பார்த்தாயிற்று. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் கார்பன் மோனாக்சைடு கூடுதல் என்கிறார்கள். இப்போதாவது ஸ்குரூவைத் தொடலாமா?

இப்போது தொடலாம். பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிக்கு முந்தைய நாலு சக்கர வண்டிக்கு ஐட்லிங்கில் 3 சதவீதம் வரை அனுமதி, பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5. உங்கள் ஆர்சி புத்தகத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள், சோக் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஸ்குரூவைக் கால் கால் சுற்றாக வலப்பக்கம் திருகுங்கள். என்ஜின் தடுமாற ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, சத்தம் சீராகும்வரை இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பிறகு ஐட்லிங் ஸ்குரூவைச் சரிசெய்யுங்கள். இதை இரண்டு தடவை செய்ய வேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். கடைசிவரை இறுக்கி முறுக்காதீர்கள், முனையில் பள்ளம் விழுந்தால் பிறகு எந்தச் சுற்றிலும் நிற்காது.

முழுக்க உள்ளே திருகியும் என்ஜின் அணையவில்லை என்றால் பெட்ரோல் இந்த வழியாக வரவில்லை. ஃப்ளோட் அறையில் மட்டம் கூடுதல், அல்லது விரட்டும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வ் மூடாமல் நிற்கிறது. ஸ்குரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, தாராபுரத்துக்காரருக்குச் சொன்னதிலிருந்து தொடங்குங்கள்.

அதே திருப்பூர்க்காரர்: என் ஸ்கூட்டருக்கும் இதே திசையா?

ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்குரூ, உள்ளே திருகினால் வறளும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, உள்ளே திருகினால் கெட்டியாகும். திருகுவதற்கு முன்னால் எத்தனை சுற்றில் நின்றது என்று எண்ணி, சீட்டுக்கு அடியில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.