‘வலை’ என்ற சொல்லுக்கு யார் சொந்தக்காரர்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருந்து ‘வலை’ என்ற கைபேசிச் செயலியை நடத்துகிறேன். படகுச் சொந்தக்காரர் எண்ணெய், ஐஸ், பிடிபட்ட மீனின் நிறை, ஆட்களின் பங்கு எல்லாவற்றையும் அதில் பதிவார்கள். 2019 முதல் பாவனையில் உள்ளது. வியாபாரப் பெயரைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறேன். இப்போது கொழும்பிலுள்ள மென்பொருள் கம்பனி ஒன்றின் சட்டத்தரணியிடமிருந்து பதிவுத்தபாலில் கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. ‘வலை’ தங்கள் வியாபாரக் குறி, 2022இல் விண்ணப்பித்து 9ஆம் (மென்பொருள்), 42ஆம் (கணினிச் சேவை) வகுப்புகளில் பதிந்தது என்கிறார்கள். 14 நாட்களுக்குள் பெயரை நிறுத்தி, இணைத்துள்ள உறுதிமொழியில் கையொப்பமிட்டு, 50 இலட்சம் ரூபா தர வேண்டுமாம். அவர்கள் செய்வது இணையத்தள வடிவமைப்பும், தளங்களைத் தங்கள் கணினிகளில் வைத்து நடத்தும் ஹோஸ்டிங்கும். கரைவலை இழுக்கிற ஊரில் ‘வலை’யை ஒருவர் சொந்தமாக்க முடியுமா?

பதில்: சொல்லை யாரும் சொந்தமாக்க முடியாது. ஆனால் குறித்த ஒரு பொருளுக்கோ சேவைக்கோ அந்தச் சொல்லைப் பெயராக வைக்கும் உரிமையைச் சொந்தமாக்கலாம். அது அகராதியில் உள்ள சொல்லா என்று சட்டம் கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்கும் விற்கப்படும் பொருளுக்கும் என்ன உறவு என்றுதான் கேட்கும். கணினிக்கு ‘ஆப்பிள்’ நல்ல குறி, ஏனென்றால் பழத்துக்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை. பழக்கடைக்காரர் ஆப்பிள் பழத்துக்கு அதையே குறியாகக் கேட்டால் கிடைக்காது; மற்றப் பழக்கடைக்காரர்கள் வேறு எந்தச் சொல்லால் விற்பார்கள்?

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பொருளின் வகை, தரம், நோக்கம் முதலியவற்றை மட்டுமே சொல்லும் சொற்களையும், வழக்கில் அந்தப் பொருளுக்கே பெயராகிவிட்ட சொற்களையும் குறியாகப் பதிய 103ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. வேடிக்கை இங்கேதான். மீனவருக்கு ‘வலை’ நூலும் கண்ணியும். கணினித் தமிழில் அது இணையம்: வலைத்தளம், வலைப்பதிவு, வலையமைப்பு. ஆகவே இணையத்தளம் செய்கிறவருக்கு ‘வலை’ ஏறத்தாழத் தொழிலின் பெயரே. அவர்களுடைய பதிவு பலவீனமாக இருப்பது அவர்களுடைய சொந்தத் துறையிலேதான்.

இதை வைத்து நீங்கள் வென்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். பதிவு நிற்கும்வரை அது செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதைச் செல்லாதென்று ஆக்க, காரணம் காட்டி நீங்கள்தான் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். அந்த வழக்கு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் அல்ல, கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தில் நடக்கும்.

இன்னொரு கதவும் உங்களுக்கு முழுதாகத் திறக்காது. பொருளின் வகையையோ நோக்கத்தையோ நேர்மையாக விவரிக்கப் பாவிக்கும் சொல்லை, மக்கள் ஏமாறாதவரை, குறியின் சொந்தக்காரர் தடுக்க முடியாது என்கிறது 122ஆம் பிரிவு. ‘கரைவலைக் கணக்கு எழுதும் செயலி’ என்று விளக்கத்தில் எழுதினால் அது பாதுகாப்பு. செயலியின் சின்னத்தில் பெரிய எழுத்தில் ‘வலை’ என்று மட்டும் போட்டிருந்தால் நீங்கள் அதை விவரிக்கவில்லை, பெயராகவே வைத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் காட்டப்போவது கைபேசித் திரையில் தெரியும் அந்தச் சின்னத்தைத்தான்.

உங்களுக்குப் பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது 2019. ஒருவர் பதியாமலே முன்பிருந்து இலங்கையில் பாவித்துவரும் குறியைப் போன்ற ஒன்றை, அதே வகையான பொருளுக்கு, அந்தப் பாவனையை அறிந்தோ அறியாமல் இருந்திருக்க முடியாத நிலையிலோ இன்னொருவர் பதிய 104ஆம் பிரிவு தடை போடுகிறது. ‘அறிந்திருந்தார்கள்’ என்பதை நிறுவுவதில்தான் இவ்வகை வழக்குகள் தடுமாறும். 2022க்கு முன் அவர்கள் உங்களோடு தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ பேசினார்களா, விலை கேட்டார்களா, ஒரே கண்காட்சியில் அடுத்தடுத்த மேசையில் இருந்தீர்களா என்று தேடுங்கள். பிளே ஸ்டோரில் அந்தச் சொல்லைத் தட்டியிருந்தாலே உங்கள் செயலி வந்திருக்கும் என்பது துணை வாதம் மட்டுமே.

இரண்டாவது, குழப்பம் இல்லை என்பது. நிறை குறித்துப் பங்கு பிரிக்கச் சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) வாங்கும் செயலியையும் ஹோட்டல்காரர் வாங்கும் ஹோஸ்டிங்கையும் ஒரே ஆள் விற்கிறார் என்று யார் நினைப்பார்? வகுப்பு ஒன்றென்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. வகுப்பு என்பது பதிவு வசதிக்கான பிரிப்பு. ஆனால் அவர்களுடைய பொருள் விவரத்தில் ‘கணினி மென்பொருள்’ என்று அகலமாக எழுதியிருந்தால் இந்த வாதம் மெலியும். எனவே கடிதத்தை நம்பிப் பதில் எழுதாதீர்கள். கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து, விண்ணப்பத் திகதி, பொருள் விவரம், நிபந்தனை ஆகிய மூன்றையும் பாருங்கள். பதிந்தது சொல்லா, அல்லது மீனும் வளையமும் சேர்ந்த ஒரு படச் சின்னமா என்பதும் முக்கியம். ‘வலை என்ற சொல்லுக்குத் தனியுரிமை இல்லை’ என்ற நிபந்தனையோடு சின்னம் மட்டும் பதிந்திருந்தால் கடிதத்தின் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். கடிதம் அதைச் சொல்லாது.

பிரதேச செயலகப் பதிவு இந்தச் சண்டையில் கேடயமாகாது. அந்தப் பெயரில் வியாபாரம் நடத்துகிறவர் யார் என்பதை மட்டும் அது சொல்லும். குறியில் உரிமை தராது. ஆனால் அதிலுள்ள திகதி நல்ல சான்று. அதோடு பிளே ஸ்டோரில் முதல் வெளியீட்டுத் திகதி, இணைய முகவரி வாங்கிய பற்றுச்சீட்டு, முதல் வாடிக்கையாளருக்குக் கொடுத்த விலைச்சிட்டை, வங்கி வைப்புத் துண்டு, அந்த நாட்களில் செயலியின் பெயர் வரும் வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேருங்கள். மின்னணுப் பதிவுகளை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் கீழ் சான்றாக முன்வைக்கலாம். கைபேசித் திரையை வெட்டி ஒட்டிய படம் (ஸ்கிரீன்ஷொட்) வேண்டாம். மூலக் கைபேசியை அழிக்காமல் வையுங்கள். 2019இல் செயலியின் பெயர் ‘மீன் கணக்கு’ என்றிருந்து 2021இல்தான் ‘வலை’ ஆகியிருந்தால் உங்கள் பாவனை 2021இலிருந்துதான் தொடங்கும். இதை முதலிலேயே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.

உறுதிமொழியில் கையொப்பம் வேண்டாம். அதில் ‘குறியின் செல்லுபடியை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற ஒரு வரி அநேகமாக இருக்கும். கையொப்பமிட்டபின் 103ஐயும் 104ஐயும் எடுக்க வாய் எழாது. மௌனமும் கூடாது. இத்தகைய வழக்குகளில் மறுதரப்பைக் கேட்காமலே பெயரைப் பாவிக்காதபடி முதலில் 14 நாட்களுக்குத் தடுப்புக் கட்டளை வாங்க முடியும். எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை என்பது அதற்கு அவர்களுக்கு உதவும். ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்ற தலைப்பில் சுருக்கமான பதிலை 14 நாட்களுக்குள் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்: முன்பாவனை, துறை வேறு, பதிவின் பிரதியைத் தாருங்கள், 50 இலட்சம் எப்படிக் கணக்கிட்டீர்கள். அந்தத் தொகைக்குக் கணக்கு வராது என்பதே என் எண்ணம்.

உண்மையான அடி நீதிமன்றத்திலிருந்து வருவதற்கு முன் பிளே ஸ்டோரிலிருந்து வரலாம். பதிவுச் சான்றிதழோடு முறைப்பாடு போனால் செயலி பட்டியலிலிருந்து இறங்கிவிடக்கூடும். பிறகுதான் உங்கள் விளக்கம். வெளியீட்டுக் கணக்குக்குரிய மின்னஞ்சலை நாளும் பாருங்கள். படகுக் கணக்குத் தரவுகளுக்கு இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.

பெரிய கம்பனிகளும் பொதுச் சொல்லை வைத்து வழக்கைக் கடைசிவரை கொண்டுபோக அஞ்சுவதுண்டு. ‘விண்டோஸ்’ தன் குறி என்று மைக்ரோசொப்ட் 2001இல் லிண்டோஸ் என்ற மென்பொருள் கம்பனி மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. விண்டோஸ் முதலில் வெளியான 1985க்கு முன் அந்தச் சொல் பொதுப் பெயராக இருந்ததா என்று யூரிகள் பார்க்க வேண்டும் என நீதிபதி சொன்ன பிறகு, 2004இல் மைக்ரோசொப்டே 2 கோடி டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. லிண்டோஸ் பெயரை லின்ஸ்பயர் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் பலவீனமான குறியுடையவர் தீர்ப்பை விட இணக்கத்தை விரும்புவார் என்பது கொழும்பிலும் நடப்பதே. ‘வலை’க்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து, சின்னத்தை மாற்றி, இணையத்தளச் சேவைக்குள் வரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்து, நட்டஈடில்லாமல் முடிப்பது உங்கள் அளவு தொழிலுக்கு மலிவான வழி.

அப்படிச் சேர்க்கும் பெயரை, பதிவேட்டில் தேடிப் பார்த்தபின், உடனே உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். வர்த்தமானியில் வெளியானபின் ஆட்சேபனைக்கு 3 மாதம் உண்டு. கொழும்புக் கம்பனி அதை எதிர்க்கக் கூடாது என்ற வரியையும் இணக்கப் பத்திரத்தில் இப்போதே எழுதிவிடச் சொல்லுங்கள்.