வாடை இல்லை என்பதற்காக மீனைச் சாப்பிடலாமா?

கேள்வி: கனடாவில் வசிக்கிறோம். வேக்யூம் பேக்கில் வாங்கிய புகையூட்டிய சால்மனைப் பிரிக்காமலே ஃப்ரிட்ஜில் பத்து நாள் வைத்துவிட்டோம். ‘ஃப்ரீசரில் வைக்கவும்’ என்று கவரில் எழுதியிருப்பதை இன்றுதான் கவனித்தேன். நிறம் மாறவில்லை, வாடையும் இல்லை. முன்பு ஒருமுறை இப்படி வைத்ததை என் கணவர் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. சூடாக்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம், எறிந்துவிடுங்கள். வாடை இல்லை என்பதை இந்த மீனில் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடலடிச் சேற்றிலும் மீனின் குடல், செவுள்களிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் ‘இ’ வகை பாக்டீரியாவின் வித்துகள் (கடுஞ்சூழலையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம்) இருக்கலாம். குளிர்நீர்ப் பகுதிகளில் இது அதிகம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும். சுமார் 3 டிகிரி செல்சியஸ் குளிரிலும் மெதுவாக வளரும். பல வீட்டு ஃப்ரிட்ஜ்கள் 4 டிகிரிக்குக் கீழே நிலையாக நிற்பதில்லை. காற்றை உறிஞ்சிய கவர் மீதி வேலையைச் செய்துகொடுக்கிறது: மீனை நாறவைத்து நம்மை எச்சரிக்கும் பாக்டீரியாக்களில் பல காற்று இல்லாமல் ஒடுங்கிவிடுகின்றன. ‘இ’ வகையோ புரதத்தைச் சிதைப்பதில்லை, அதனால் அழுகல் நாற்றம் வராமலே, நரம்பைத் தாக்கிப் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு சேர்ந்துவிடும். குறைந்த சூட்டில் புகையூட்டுவதால் வித்துகள் சாவதில்லை. உப்புதான் காவல், அது குறைவாக இருந்தால் குளிரை மட்டும் நம்ப முடியாது.

எகிப்தில் 1991இல் குடல் எடுக்காமல் உப்பிட்ட மடவை மீனைச் சாப்பிட்டு, இதே ‘இ’ வகை நச்சால் 91 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 18 பேர் இறந்தார்கள்.

உங்கள் கணவர் தப்பியதற்குக் காரணம் எளிது. எல்லாப் பொதியிலும் வித்து இருக்காது. இருந்தாலும் நச்சு சேர நாள் பிடிக்கும். சூடாக்குவது பற்றிக் கேட்டீர்கள். 85 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் இந்த நச்சு அழியும், உண்மைதான். ஆனால் தடித்த துண்டின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியதா என்று தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்? சந்தேகமான மீனை ருசி பார்ப்பதும் கூடாது.

இனி வாங்கினால் ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்தால் வித்து சாகாது, வளர்வது நிற்கும். உறைநீக்க ஃப்ரிட்ஜுக்கு மாற்றும் முன் கவரை வெட்டித் திறந்துவிடுங்கள். காற்று படுவதே பாதுகாப்பு. பிறகு இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். டின் மீன் வேறு கதை. அது மூடியபின் மிக உயர்ந்த சூட்டில் பதப்படுத்தப்படுகிறது, டின் உப்பாமலும் கசியாமலும் இருந்தால் போதும்.

நச்சு சேர்ந்த மீனை யாராவது சாப்பிட்டுவிட்டால் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் அறிகுறி தெரியும். சிலருக்குப் பல நாள் கழித்தும் வரலாம். முதலில் குமட்டல், வாந்தி இருக்கலாம். பிறகு வாய் உலரும், பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பலவீனம் முகத்திலிருந்து கீழே இறங்கும். காய்ச்சல் பொதுவாக இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். அதனால்தான் பக்கவாதம் என்றோ வெறும் சோர்வு என்றோ நினைத்து நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள். மூச்சுத் தசைகள் செயலிழக்கும் முன் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நச்சுமுறி மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. நரம்பில் ஏற்கெனவே ஒட்டிய நச்சை அது எடுக்காது. ‘பொட்டுலிசமாக இருக்குமோ’ என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். மீந்த மீனையும் கவரையும் பையில் கட்டி எடுத்துப் போங்கள், பரிசோதனைக்குத் தேவைப்படும்.