விசிறி செய்த குற்றம் என்ன?

கேள்வி: ஆங்கிலத்தில் ரொட்டேட், ரிவால்வ், ஸ்பின், வேர்ல் என்று எத்தனையோ சொற்கள் இருக்க, அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘சுழல், சுற்று’ என்றே போட்டிருக்கிறது. மின்விசிறி ‘ரிவால்வ்’ ஆகிறது என்று எழுதிய என் மகளுக்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பொருள் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பொருள் ஒன்றல்ல, ஆனாலும் மதிப்பெண்ணைக் குறைத்தது நியாயமில்லை.

தன் அச்சில் சுழல்வது ரொட்டேட், பிறிதொன்றைச் சுற்றிவருவது ரிவால்வ் என்று ஆசிரியர் விளக்கியிருப்பார். அது வானியல் தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட வரம்பு. பூமி ஒருமுறை தன்னைத்தானே சுழல ஏறத்தாழ 23 மணி 56 நிமிடமும், சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 365¼ நாளும் ஆகின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் பேச வேண்டிய துறைக்கு இரண்டு தனிச்சொற்கள் இன்றியமையாதவை. நிலவு தன் அச்சில் சுழல்வதற்கும் பூமியைச் சுற்றிவருவதற்கும் ஏறத்தாழ 27.3 நாள் என்ற ஒரே கால அளவு ஆவதால்தான் அதன் ஒரு பக்கத்தை மட்டுமே நாம் காண்கிறோம் என்பதை, இரு சொற்களையும் குழப்பிக்கொண்டவர் விளக்கவே முடியாது.

அந்த வரம்பை வானியலுக்கு வெளியே இழுத்து வந்ததுதான் பிழை. 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில் தோட்டாக்களைத் தாங்கும் உருளை தன் அச்சில்தான் சுழல்கிறது. அவ்வகைத் துப்பாக்கிக்கு ரிவால்வர் என்றுதான் பெயர். பெரிய விடுதிகளின் வாசலில் நடுத்தண்டைப் பற்றிச் சுழலும் கதவும் ரிவால்விங் டோர்தான். விசிறி நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் குறிக்கும் ஆர்.பி.எம். என்பதன் முதலெழுத்தே, ரிவால்வின் பெயர்ச்சொல்லான ரிவல்யூஷன் என்னும்போது, உங்கள் மகளைத் திருத்தியவர் விசிறி வந்த பெட்டியையும் திருத்தியாக வேண்டும்.

எனினும் இது ஒருவழிப் பாதை. ரிவால்வ் இரண்டு அசைவுக்கும் பொருந்தும். பூமி சூரியனைச் சுற்றி ரொட்டேட் ஆகிறது என்று எழுதினால் மட்டும் நானும் சிவப்பு மையைத்தான் எடுப்பேன். தமிழிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். பம்பரம் சுற்றுகிறது, சுழல்கிறது என்று இரண்டும் சொல்கிறோம். தேர் நான்கு வீதிகளையும் சுழல்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சுற்று விரிந்த சொல், சுழல் ஒடுங்கிய சொல் என்பதைக் காட்டாமல், நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு நழுவிய அகராதியைத்தான் நீங்கள் நொந்துகொள்ள வேண்டும்.

வட்டமே இல்லாத இடங்களிலும் ரொட்டேட், ரிவால்வ் இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. முறை மாறி முறை வருவது ரொட்டேஷன்: ஒரே வயலில் நெல்லுக்குப் பின் உளுந்து விதைப்பதும், கிரிக்கெட்டில் ஒற்றை ஓட்டங்களாக எடுத்து மட்டையாளர்கள் முனை மாறுவதும் அவ்வகை. போனதே திரும்பி வந்து மீண்டும் போவது ரிவால்விங்: மகளிர் சுய உதவிக் குழுக்களின் சுழல் நிதி, கடனாகப் போய்த் தவணையாகத் திரும்பி அடுத்தவருக்குக் கடனாகிறது. பயிர்ச்சுழற்சி, சுழல் நிதி என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே வேரை வைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் அவற்றை இடம் மாற்ற முடியாது.

மற்றவற்றைப் பிரிப்பது வேகமும் விதமும். ஸ்பின் என்றால் அச்சில் விரைந்து சுழல்வது. வேர்ல் அதிலும் கட்டுமீறியது. ஆற்றுச் சுழலுக்கும் சூறைக்காற்றுக்கும் அதுவே பொருந்தும். ட்வேர்ல் என்பதில் சற்றே ஒயில் கலந்திருக்கிறது. மீசையை முறுக்குவதற்கும் சிலம்பக் கம்பைக் கையில் சுழற்றுவதற்கும் அதைச் சொல்லலாம். ஸ்விவலுக்கு முழுவட்டம் தேவையில்லை. ஒரு முளையின் மேல் இப்பக்கமோ அப்பக்கமோ திரும்பினால் போதும். நம் அலுவலகங்களில் ரிவால்விங் சேர் எனப்படும் நாற்காலியை இங்கிலாந்தில் ஸ்விவல் சேர் என்பது அதனால்தான்.