முதலில் குரல், பிறகு வாய்

*அன்புள்ள ஆசிரியருக்கு,*

*‘இளவரசி ககுயாவின் கதை’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை ஆங்கிலக் குரலில் பார்த்தேன். மூங்கில் வெட்டும் கிழவருக்கு ஜப்பானிய மொழியில் பேசியவர் தகேயோ சிய் என்ற மூத்த நடிகராம். படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டாராம். அப்படியென்றால் ஏஐ வேலையா? தேர்ந்த குரல் நடிகர்கள் இவ்வளவு பேர் இருக்க, சினிமா, நாடக ஆட்களைக் கூப்பிடுவது விளம்பரத்துக்குத்தானே? என் மகளுக்கு எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?*

*ஆர்.*

அன்புள்ள ஆர்.,

படம் வந்தது 2013 நவம்பரில். அதில் ஏது ஏஐ? இறந்தவரின் குரல் என்றாலே இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது என்றால், கொஞ்ச நாள் செய்தி பார்ப்பதை நிறுத்துங்கள்.

தகேயோ இறந்தது 2012 ஜூனில். அவர் பேசி முடித்தது 2011 கோடையில். வெளியீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் முன்னால் ஏன் பேச வைத்தார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

ஜப்பானிய அனிமேஷனில் வழக்கம் ‘அஃப்ரெக்கோ’. முதலில் படம், பிறகு குரல். நம் ஊர் டப்பிங்கைப் போலத்தான். கையில் வசனத்தாளோடு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று நான்கு மைக். முறை வரும்போது முன்னால் போய்ப் பேசிவிட்டு, தாள் சரசரக்காமல் விலக வேண்டும். வாய் பெரும்பாலும் மூன்றே படம்: மூடியது, பாதி, திறந்தது. திறந்திருக்கும் நேரத்துக்குள் வசனம் முடிய வேண்டும். தொழில்முறைக் குரல் நடிகர் இதில் மன்னர். மேடையிலும் கேமரா முன்னாலும் வளர்ந்தவர் இங்கேதான் தடுமாறுவார். அவர் பிழைப்பே இடைவெளியில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு முன்னால் அரை நொடி நிற்பார், படம் நிற்காது. அந்த அரை நொடியைப் பிடுங்கிவிட்டால் தட்டையாக ஒப்பிப்பார். ‘நட்சத்திரத்துக்குக் குரல் வரவில்லை’ என்று நீங்கள் எழுதுவீர்கள்.

நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர் இசாவோ தகாஹாதா இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். ‘பிரெஸ்கோ’: முதலில் குரல், பிறகு வரைதல். 1991இல் ‘ஒமோய்தே போரோ போரோ’ படத்திலேயே மிகி இமாயி, தோஷிரோ யானாகிபா இருவரையும் முன்கூட்டிப் பேசவைத்து, சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடு வரை அதற்கேற்ப வரைந்தார்கள். ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒலியைக் கேட்டு, எந்த அசை எந்தப் பிரேமில் தொடங்குகிறது, மூச்சு எங்கே என்று டைம்ஷீட்டில், அதாவது பிரேமுக்கு ஒரு கட்டம் போட்ட தாளில், குறிக்க வேண்டும். ஒரு தாளுக்கு 6 நொடி, அதாவது 144 கட்டம். நடிகர் அரை நொடி நின்றால் 12 கட்டம் வாய் மூடியிருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் இதில் வேறு தொல்லைகள் உண்டு. கண்ணுக்கு முன்னால் படம் இல்லாததால், எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை இயக்குநர் சொல்லித் தீர வேண்டும். சொல்லாவிட்டால், ஓடைக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிவைப்பார். பிறகு ஒலியைக் குறைத்தாலும் கத்தல் கத்தலாகவே இருக்கும். தொண்டையின் இறுக்கம் குறையாது. இருவர் பேச்சு ஒரே மைக்கில் மேலே மேலே விழுந்தால் தனித்தனியாக வெட்டவும் முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பேசிய பிறகு காட்சி மாறினால் அதே ஆளை மறுபடி கூப்பிட வேண்டும். தகேயோ விஷயத்தில் ஆள் இல்லை. சேர்க்க வேண்டிய வரிகளை யூஜி மியாகே பேசினார்.

விளம்பரம் என்கிறீர்கள். 1958இல் தோயி நிறுவனம் முழுநீள வண்ண அனிமேஷன் ‘ஹகுஜாதென்’ எடுத்தபோது எல்லாப் பாத்திரங்களையும் இருவரே பேசினார்கள்: ஹிசாயா மோரிஷிகே, மாரிகோ மியாகி. மோரிஷிகே மேடை, திரை இரண்டிலும் பெரிய ஆள். நாடகக்காரர்கள் பிற்பாடு புகுந்தவர்கள் அல்ல, ஆர். அந்தத் தொழிலை ஆரம்பித்து வைத்தவர்களே அவர்கள்தான். தகேயோவும் ஹாயூஸா நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர். விளம்பரத்துக்காகவே நட்சத்திரங்களை அழைக்கும் படங்களும் உண்டு. அவற்றைத் தாராளமாகத் திட்டுங்கள். இதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்டது ஜேம்ஸ் கானின் குரல். நல்ல நடிகர். ஆனால் தகேயோவின் மூச்சுக்கு வரைந்த வாயில் ஆங்கிலச் சொற்களைத் திணிக்கும் வேலை அவருக்கு. ஜப்பானிய ஒலியில் வைத்து, குழந்தையைக் கிராமத்துப் பிள்ளைகள் ஒரு பெயரிலும் கிழவர் ‘ஹிமே’ (இளவரசி) என்றும் போட்டிபோட்டுக் கூப்பிடும் காட்சியைப் பாருங்கள். ஒரே சொல்தான். கொஞ்சலாகத் தொடங்கி, கெஞ்சலாகி, அதட்டல் போலாகி, கடைசியில் குரல் உடைந்தேவிடுகிறது. வரைந்து முடித்த வாயைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இப்படி ஏறிப்போக முடியுமா?

மகளுக்கு ‘டொடோரோ’ காட்டுங்கள். அதன் பிறகு இந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்து, மியாகேயின் வரிகள் எவை என்று கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.